சத்தம் போடாதீங்க என்று கத்தியவருக்கு

இல்லை அக்கா, இன்னும் முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இன்று காலையும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னா தம்பி, பாட்டு வெந்துருச்சா?" என்று கேட்டிருப்பீர்கள். நானும் வழக்கம்போல, "இன்னும் வேகலைங்க்கா" என்றிருப்பேன். ஆனால் இந்த முறை அது பொய். பாட்டெல்லாம் வெந்து, இறக்கி வைத்து, ஆறியும்விட்டது. கோவையில் இருக்கும் என் நண்பன் மொத்த ஆல்பத்தையும் மிக்ஸ் பண்ணி, கழுவித் துடைத்து அனுப்பிவிட்டான். நான் "சரி" என்று ஒரு வார்த்தை அடித்தால் வெளியே போய்விடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அடிக்க முடியவில்லை.

காரணம், அவன் கழுவியதில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இன்று காலை உங்கள் மகன் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார். வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம். நம் வீடுகளைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் லைன் வீடு என்பேன், நீங்கள் லயம் என்பீர்கள். வரிசை முழுக்க ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். அந்த இடைவெளியில் நீங்கள் திணித்து வைத்திருந்த பழைய கம்பளியை அவர் உருவியிருக்கிறார். தூசி கொட்டியது. கூடவே அந்த வாசனையும் என் பக்கம் இறங்கியது. மழையில் நனைந்து அடுப்போரம் காய்ந்த கம்பளி, விறகுப் புகை, கொஞ்சம் தைலம். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்து பறிக்கப் போன காலத்தில் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டிருந்த கம்பளி அது. வேலையை விட்டு நின்ற பிறகு உங்களுக்கு அதில் வேலையில்லை. எனக்குத்தான் இருந்தது. உங்கள் மிக்ஸிச் சத்தம் என் மைக்கில் விழுகிறது என்று நான் புலம்பியதும், ஸ்டூலைப் போட்டு ஏறி நீங்களே அடைத்தீர்கள். அடைத்த பிறகும் எல்லாம் கேட்டது. உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பை, ஒரு கிட்டார், ஒரு லேப்டாப்போடு ஜெகதளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வந்தேன். நீங்கள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள்.

"படிக்கிற புள்ளையா?"

"இல்லீங்க்கா. உட்டுட்டேன்."

"அப்ப வேலையா?"

"இல்லீங்க்கா. பாட்டு."

"சினிமாவுக்கா?"

"இல்லீங்க்கா, நானே எழுதி நானே பாடறது."

"ஏன், எழுதிக் குடுக்க ஆளு கிடைக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் முகத்தில் கிண்டலே இல்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் கேட்டீர்கள். அப்புறம், "அக்கான்னு கூப்புடுற. ஒன் அம்மாவவிட நான் மூத்தவ தெரியுமா?" என்றீர்கள். "அப்ப பாட்டின்னு கூப்புடறனுங்க" என்றேன். "பல்லத் தட்டிருவேன்" என்றீர்கள். அன்றைக்கே சாயங்காலம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. டீ என்று ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை. கடலுக்கு அந்தப் பக்கத் தீவின் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தபோது சின்னப் பிள்ளை நீங்கள். அங்கிருந்து கொண்டுவந்த சொல்லை இந்த மலையிலும் விடவில்லை.

வீட்டில் ஆல்பம் பண்ணுவது என்றால் ஏதோ சுகமான வேலை என்று நினைக்கிறார்கள். இந்த மலையில் பண்ணிப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் சிமென்ட் ஷீட் கூரை மொத்தப் பாட்டையும் தின்றுவிடும். காற்றடித்தால் சில்வர் ஓக் மரம் கம்பியில் விழுந்து கரண்டு போகும். கரண்டு இருக்கும்போது டீ ஃபாக்டரியில் மிஷின் ஓட ஆரம்பித்தால் என் ஆம்ப்ளிஃபயர் உறும ஆரம்பிக்கும். மழை விட்டு, காற்று அடங்கி, கரண்டும் இருக்கிற கொஞ்ச நேரம்தான் எனக்கு. அந்த நேரத்தில்தான் வரிசையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் ஆட வெளியே வருவார்கள். மீன்காரர் ஹார்ன் அடிப்பார். ஆடு கத்தும்.

அதனால்தான் அந்த ஏற்பாடு. நான் பாடப் போகிறேன் என்றால், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சிவப்பு ஹெல்மெட்டை வாசற்படியில் வைப்பேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு மிக்ஸி போடாமல் இருந்தால் போதும், அவ்வளவுதான் நான் கேட்டது. நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. ஹெல்மெட்டைப் பார்த்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து காவல் நின்றீர்கள். தூரத்தில் ஒரு தலை தெரிந்தாலும் போதும்.

"ஏய், சத்தம் போடாதீங்கடா! உள்ள ரெக்காடிங் நடக்குது!"

அந்த வரிசையில் யார் சத்தமும் என் மைக்கில் ஒழுங்காக விழவில்லை அக்கா. பிள்ளைகள் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பது மாதிரிதான் இருக்கிறது. உங்கள் சத்தம் மட்டும் பாட்டுக்குப் பாட்டு துல்லியமாக விழுந்திருக்கிறது. கிட்டார் தனியாக வாசிக்கிற இடத்தில் ஒன்று. நான் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒன்று. மூன்றாவது பாட்டின் கடைசி வரியை நான் இழுத்துப் பாட, சரியாகத் தாளத்தில் வந்து விழுகிறது, "போங்கடா அங்கிட்டு!"

ஒருநாள் பொறுக்க முடியாமல் உங்களை உள்ளே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள். திடீரென்று முகம் சுளித்தீர்கள்.

"யாருடா இவ? நல்லாப் பாடிக்கிட்டிருக்கிறப்ப நடுவுல பூந்து கத்துறா?"

"நீங்கதானுங்க்கா."

"நானா? நான் இப்புடியா கத்துவேன்? இது கடைசி வீட்டு சரசு."

"அக்கா, சத்தியமா நீங்கதான்."

"சும்மா இரு தம்பி. எனக்கு எங் கொரலு தெரியாதா?"

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் போய்ச் சரசு அக்காவிடம் சண்டை போட்டீர்கள். "பையன் பாடுறப்ப வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?" அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சண்டையும் பதிவாகியிருக்கிறது. நான் நிறுத்த மறந்துவிட்டேன்.

இத்தனைக்கும் என் பாட்டு உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. அதை நீங்கள் மறைத்ததும் இல்லை. "சோறு திங்காதவன் பாடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். டிரம்ஸ் வைத்துக் காட்டினேன். "தகரத்துல கல்ல விட்டு எறியுறாங்க" என்றீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரே பாட்டு, நான் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. அதை ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "சின்னதா இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிருது" என்றீர்கள்.

என் நண்பனுக்கு எல்லாப் பாட்டிலும் உங்களை எடுத்ததில் பெருமை. ஏதோ மென்பொருளில் குரல்வாரியாகப் பிரித்து, கறை எடுப்பது மாதிரி எடுத்திருக்கிறான். எடுத்த இடமே தெரியவில்லை. கேட்க அத்தனை சுத்தமாக இருக்கிறது. "பர்லியார்" பாட்டில்கூட எடுத்துவிட்டான். அங்கேதான் எனக்கு இடித்தது.

அந்தப் பாட்டின் கதையை நான் உங்களிடம் சொன்னதில்லை. லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்பிப் போன நாள் அது. குன்னூரில் அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார். மலை இறங்குகிற வழியில் பர்லியாரில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பஸ் ஹார்ன் அடித்தது, எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று மேலே போகிற பஸ்ஸைப் பிடித்தேன். என் படிப்பு அந்த டீக்கடை வாசலில் முடிந்தது. அதைத்தான் பாட்டாக எழுதினேன். பல தடவை பாடியும் சரியாக வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்தது. குரல் உடைய வேண்டிய இடத்தில் தானாக உடைந்தது. மறுபடி எத்தனை முறை முயன்றாலும் அப்படி வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பாடி முடித்துக் கதவைத் திறந்தேன். ஹெல்மெட்டின் மேல் ஒரு புது ரெயின்கோட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. குன்னூர் பஜாரில் குடையும் ரெயின்கோட்டும் விற்கிற எங்கள் கடையின் பை. "ஒங்க அப்பா வந்தாரு, போய்ட்டாரு" என்றீர்கள். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோதுதான் மீதி தெரிந்தது. இரண்டாவது சரணத்துக்குப் பிறகு கிட்டார் மட்டும் வாசிக்கிற இடம். வெளியே அப்பாவின் குரல்.

"ஏனுங்க, படிப்ப உட்டுப்போட்டு இங்க வந்து என்னதானுங்க பண்றான் இவன்?"

உடனே நீங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக:

"வேலை பாக்குறாருங்க! சத்தம் போடாதீங்க!"

அதற்குப் பிறகு அப்பாவின் குரல் இல்லை. ஆனால் அவர் உடனே போய்விடவில்லை. கடைசிச் சரணம் முழுக்க முடிந்து, கிட்டார் ஓய்ந்த பிறகுதான் படி இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்கிறது.

நான் செய்கிறதை வேலை என்று ஒருத்தரும் சொன்னதில்லை அக்கா. நானே சொன்னதில்லை. பாட்டு பிடிக்காத நீங்கள் சொன்னீர்கள். அதுவும் எங்கள் அப்பாவை அதட்டி. அதைத்தான் நண்பன் கறை என்று துடைத்திருக்கிறான். அவனிடம் திருப்பி வைக்கச் சொன்னேன். "டேய் லூசு, அது யாரோ ஒரு அம்மா கத்தறது. கேக்கறவன் அவன் ஊட்டு வாசல்ல சண்டைன்னு எந்திரிச்சுப் போய்ப் பாப்பான்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

போன மழையில் உங்களுக்கு மூச்சு முட்டியது. குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போதும் என்னிடம், "அடுப்ப அணைச்சியா?" என்றுதான் கேட்டீர்கள். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

இன்று காலை கம்பளி வாசனையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன், அதுதான் உங்கள் மகன், பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், போனில் உங்கள் போட்டோ நிறைய இருக்கிறது, குரல்தான் ஒன்றுகூட இல்லை என்றார்.

"எங்கிட்ட இருக்குதுங்கண்ணா" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். நண்பன் கழுவுவதற்கு முன்னால் இருந்தது. நீங்கள் கத்துகிற இடம் வந்ததும் அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரு தம்பி இது?"

"அக்காதானுங்க."

"எங்க அம்மாவா?" அவர் தலையை ஆட்டினார். "எங்க அம்மா சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. லயத்துலயே பொறந்து வளந்தவங்க. ஒரு வீட்டுல பேசுனா வரிசை பூரா கேக்கும்னு, எங்கள அடிக்கிறப்பகூட ரகசியமாத்தான் திட்டுவாங்க. தோட்டத்துல சூப்பர்வைசர் கண்டபடி பேசுவான். தலைய குனிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களா இது?"

நான் பார்த்த அக்கா வேறு. அவர் இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டார். "போங்கடா அங்கிட்டு" வந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இத வெளிய விட்டுறாத தம்பி. கேக்குறவங்க சிரிப்பாங்க. எங்க அம்மா அப்புடி ஆளு இல்ல."

சரிங்கண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பெற்ற பிள்ளை அவர். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். அப்போதுதான் காட்டுமாடு வந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பனி மூடியிருந்தது. நான் பாதிப் பாட்டில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஹெல்மெட் வெளியே இருந்தும் உள்ளே வந்தது அன்று மட்டும்தான். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, என் காதருகே பேசினீர்கள். வாசலில் காட்டுமாடு நிற்கிறது என்பதற்காக அப்படி ஒரு மெல்லிய குரல். பாட்டு வீணாகிவிட்டது. ஏனோ நான் அதை அழிக்கவில்லை.

லேப்டாப்பில் தேடி எடுத்து அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன்.

"தம்பி, வெளிய வந்துறாத. மாடு நிக்குது. பயப்புடாத, நான் இங்கனதான் இருக்கேன். அது பாட்டுக்குப் போயிரும். நீ மெதுவா மூச்சு விடு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்" என்றார். "இதுதான் எங்க அம்மா." மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அது தாயும் மகனும் மட்டும் இருக்க வேண்டிய இடம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"அந்த மாதிரி எப்பல்லாம் கத்துவாங்க?"

"நான் பாடறப்ப மட்டும்தானுங்கண்ணா."

"உம் பாட்டு அவ்ளோ புடிக்குமா?"

"சுத்தமாப் புடிக்காதுங்க. சோறு திங்காதவன் பாடற மாதிரி இருக்குதுன்னாங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். "புடிக்காமயா வாசல்ல நின்னாங்க?"

"ஆமாங்கண்ணா."

அப்புறம் "பர்லியார்" பாட்டைப் போட்டேன். எங்கள் அப்பா கேட்பதையும் நீங்கள் அதட்டுவதையும் கேட்டார். கடைசிவரை ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றிய பிறகு தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரோ பெரிய மனுசன் வந்து கேட்டிருக்காரு. அம்மா தலைய குனியலையே தம்பி" என்றார்.

"இல்லீங்கண்ணா."

"அப்ப இருக்கட்டும். அந்தச் சத்தம் பூரா இருக்கட்டும். அது எனக்குத் தெரியாத அம்மா. உனக்குப் போட்ட சத்தம், நீ வெச்சுக்க. ரகசியமாப் பேசுனது மட்டும் வெளிய விடாத. அது எனக்கு."

அங்கேயே அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, என் லேப்டாப்பில் இருந்ததை அவர் கண் முன்னால் அழித்தேன். அவர் கேட்கவில்லை. எனக்கு அதுதான் சரி என்று பட்டது.

நண்பனுக்கும் சொல்லிவிட்டேன், பழையபடி எல்லா இடத்திலும் நீங்கள் வர வேண்டும் என்று. போனிலேயே திட்டினான். ஒரு வாரம் உட்கார்ந்து எடுத்ததாம். "இத யாருடா ரெக்கார்டிங்னு ஒத்துக்குவான்?" என்றான். யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். பாடியது யார் என்று போடுகிற இடத்தில் என் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, வாசலில் நின்றவர் என்று உங்கள் பெயர் இருக்கும். அண்ணனிடம் கேட்டு முழுப் பெயரையும் வாங்கிக்கொண்டேன். இத்தனை நாளில் அது எனக்குத் தெரியாது, அக்கா.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாடுகிறவனுக்குக் கைதட்ட ஆள் வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு பிடித்தவர்கள் நாலு பேர் எங்காவது கிடைப்பார்கள், கிடைக்காமலும் போவார்கள். பிடிக்காத பாட்டுக்காக ஒருத்தர் குளிரில் வெளியே நின்றார் என்பது எனக்குப் போதும். யாராவது என்ன பண்றே என்று கேட்டால் முன்பெல்லாம் முழுங்குவேன். இப்போது வேலை பார்க்கிறேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிடுகிறது. போன வாரம் கடைக்குப் போயிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் கேட்டார், அப்பா இருக்கும்போதே அப்படித்தான் சொன்னேன். அப்பா குடையை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாரே, அதை...

இருங்கள், அண்ணன் கூப்பிடுகிறார். ஜீப் வந்துவிட்டது, பீரோவைத் தூக்க ஆள் போதவில்லையாம். நான் போகணும் அக்கா.